மிஸ்ஸி இறக்கிய முதல் சீட்டு

மிஸ்ஸி முதல் சீட்டை இறக்க எடுக்கும் நேரத்தில் ஒரு வள்ளத்து எஞ்சினின் பிளக்கைக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டிவிடலாம். எனக்கு அதுதான் தொழில், அதனால் நம்பிச் சொல்கிறேன். பதின்மூன்று சீட்டையும் விரித்து ஒரேயொரு முறை பார்ப்பார். பிறகு அடுக்கி மேசையில் குப்புற வைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டுக் கடல் பக்கம் பார்ப்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கடல் தெரிந்ததா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். நாங்கள் மூன்று பேரும் கதிரைகளில் சாய்ந்து காத்திருப்போம். மத்தியான வெயிலில் மன்னாரில் எங்கள் ஊரான தாழ்வுபாட்டுக் கரை மணல் வெள்ளையாய்க் கொதிக்கும். வேலியோரம் இரண்டு கழுதைகள் நின்றபடியே நித்திரை கொள்ளும். காயப்போட்ட மீன் மணமும் உப்புக்காற்றும் சேர்ந்து வந்து கண்ணைச் சொருகும். மணி இரண்டா நாலா என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

"என்ன மிஸ்ஸி, நித்திரையோ?" என்பார் நானா.

"இல்லை நானா. நீங்கள் சொன்னதைத் திரும்ப ஒருக்காக் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் ஆஸ்பத்திரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தவர். சண்டை முடிந்து சனம் ஒவ்வொரு திக்கிலிருந்தும் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. நான் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து வந்து, கரையில் எஞ்சின் திருத்த ஒரு கொட்டில் போட்டிருந்தேன். நானா கொண்டச்சி ஊர் முஸ்லிம் வியாபாரி. இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கருவாடு வாங்கக் கிழமையில் இரண்டு நாள் எங்கள் கரைக்கு வருவார். நாலாவது ஆள் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர். வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டால் மனிதர் ஒரு சொல் பேசமாட்டார்.

ஊர் முழுக்க முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடும்போது நாங்கள் நாலு பேரும் பிரிட்ஜ் விளையாடினோம். மிஸ்ஸி அதைக் கொழும்பில் தாதிமார் விடுதியில் பழகினவர். மாஸ்டர் பயிற்சிக் கல்லூரியில். நானா புத்தளத்தில் ஒரு கடை மாடியில். நான் முகாமில், பக்கத்துக் கொட்டிலில் இருந்த பழைய தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரிடம். நாலு பேர் நாலு இடத்தில் படித்த ஒரே விளையாட்டோடு வந்து மிஸ்ஸியின் விறாந்தையில் சந்தித்தது இப்போது நினைத்தாலும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. மிஸ்ஸியும் நானும் ஒரு ஜோடி. நானாவும் மாஸ்டரும் மற்ற ஜோடி. அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டால் நானா எழும்பிவிடுவார், அத்தோடு ஆட்டம் முடியும்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். முதலில் ஏலம். இன்ன இனம் துரும்பு, அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனம், நாங்கள் இத்தனை பிடி பிடிப்போம் என்று வாயால் கேட்பது. நாலு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போட, வென்றவர் அள்ளுவது ஒரு பிடி. ஏலம் எடுத்தவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதல் சீட்டை இறக்க வேண்டும். அந்த நேரத்தில் மேசையில் ஒன்றுமே கிடையாது. எதிராளியின் கையும் தெரியாது, சொந்த ஜோடியின் கையும் தெரியாது. முதல் சீட்டு விழுந்த பிறகுதான் ஏலம் எடுத்தவரின் ஜோடி தன் சீட்டுகளை எல்லாரும் பார்க்க விரித்து வைப்பார். ஆகவே முதல் சீட்டு ஒரு குருட்டுச் சீட்டு. மற்றவர்கள் என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று காதில் விழுந்ததை நம்பி இறக்குவது.

என்ன இறக்குவது என்று தெரியாவிட்டால் பலபேர் ஒரு சின்னத் துரும்பைப் போட்டுவிடுவார்கள். நானும் அந்தக் கட்சிதான். மிஸ்ஸிக்கு அது கண்ணில் காட்டக்கூடாது.

"அது யோசிக்கப் பஞ்சியில, சோம்பலில போடுறது, தம்பி. கையில காரணம் இல்லாமல் துரும்பு இழுக்கப்படாது."

அவருக்கு இருந்த காரணம் ஒரேயொரு கேள்வி. எதிராளியின் பலம் எங்கே இருக்கிறது? பெரிய சீட்டிலா, வெட்டிலா? வெட்டு என்றால், இறக்கிய இனம் கையில் இல்லாதபோது துரும்பைப் போட்டுப் பிடியைப் பறிப்பது. கையில் ராசா இருந்தாலும் ஒரு சின்னத் துரும்பு வந்து வெட்டினால் ராசாவுக்கு மரியாதை இல்லை.

ஒரு நாள் நானா முதலில் டைமன் சொன்னார், பிறகு ஆட்டின், அதாவது இதயச் சீட்டு, சொன்னார். மாஸ்டர் ஆட்டினுக்குச் சரி என்றார். ஏலம் நானாவுக்குப் போனது, ஆட்டின் துரும்பு. மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றினார். மாஸ்டர் ஒரு வாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்ததை மடித்தார். நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருப்பேன் போல. கண்ணைத் திறந்தால் மேசையில் ஆட்டின் இரண்டு கிடக்கிறது. துரும்பிலேயே ஆகச் சின்னது. நானாவின் முகம் சுருங்கியதைக் கண்ட பிறகுதான் எனக்கு முழிப்பு வந்தது. மாஸ்டர் விரித்து வைத்த கையில் டைமன் ஒன்றே ஒன்று. நானா தன் டைமன்களை ஒவ்வொன்றாக இறக்கி அங்கே வெட்டலாம் என்று இருந்தார். மிஸ்ஸி தன் முறை வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பத் துரும்பையே இழுத்தார். கடைசியில் மாஸ்டர் பக்கம் வெட்ட ஒரு துரும்பும் மிஞ்சவில்லை. நானாவின் டைமன்களுக்கு மேலாக மிஸ்ஸியின் கையில் நாலு பெரிய டைமன் சும்மா குந்திக்கொண்டிருந்தன.

"அல்லாவே! இவ்வளவு டைமனையும் கையில வைச்சுக்கொண்டு ஆராவது ஆட்டின் இரண்டைப் போடுவினமோ?"

"நானா, டைமன் சொல்லேக்க உங்கட குரல் பெரிசாயிருந்தது. மாஸ்டர் ஆட்டினுக்குச் சரி எண்டது ஓடிவந்து சொன்ன மாதிரி இருந்தது. அவரிட்ட டைமன் இல்லை எண்டு விளங்கிச்சுது. அப்ப நீங்கள் வெட்டிலதான் வெல்லப் பாக்கிறியள். வெட்டை எடுத்துப்போட்டால் மிச்சத்தை உள்ள சீட்டு கதைக்கும்."

அதற்காக எந்நேரமும் துரும்பு இழுப்பவர் என்று நினைக்க வேண்டாம். மாதத்தில் இரண்டு முறை இழுத்தால் அதிகம். எதிராளியிடம் வேறொரு இனம் நீளமாக இருந்தால் துரும்பு இழுப்பது அவர்களுக்குக் கூலியில்லாமல் வேலை செய்து கொடுப்பது என்பார். கையில் துரும்பு ஒன்றே ஒன்று இருந்தால் அதைத் தொடவும்படாது, ஜோடியிடம் இருக்கும் ராணி அம்பிட்டுவிடும் என்பார். இப்படிச் சொன்ன மனிசி ஒரு நாள் அந்த ஒற்றைத் துரும்பையே இறக்கினார். என் ராணி நேராகப் போய் நானாவின் ராசாவிடம் மாட்டியது. எனக்கு முன்கோபம். மிச்சச் சீட்டை மேசையில் எறிந்துவிட்டு வாசல் படலை வரைக்கும் போய்விட்டேன். மணல் சுட்ட பிறகுதான் செருப்புப் போடவில்லை என்று தெரிந்தது. திரும்பி வந்தேன். மூன்று பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தார்கள்.

"உங்களிட்ட ராணி இருக்கும் எண்டு தெரியும், தம்பி," என்றார் மிஸ்ஸி. "இழுக்காட்டி அவையள் மூண்டு வெட்டு வெட்டியிருப்பினம். உங்கட ராணி ஒண்டோட நிண்டுது."

"ராணி என்ரயெல்லோ மிஸ்ஸி!"

"ஓம். உங்கடதான்."

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. தேத்தண்ணிக்கு இஞ்சி கொஞ்சம் கூடப் போட்டுத் தந்தார்.

விறாந்தைக்கு வெளியிலும் அவர் இப்படித்தான். ஓய்வு பெற்றாலும் கரைச் சனம் அவரை விடவில்லை. ஒரு முறை மீன்பிடிக்கப் போன ஒருவர் உள்ளங்கையில் தூண்டில் கொளுக்கி ஏறி வந்தார். கூட வந்தது ஏழெட்டுச் சொந்தக்காரர். ஆளுக்காள் குழறல். மிஸ்ஸி கையைத் திரும்பியும் பார்க்கவில்லை. விறாந்தையில் இருந்த நீள வாங்கைக் காட்டினார்.

"அழப்போறாக்கள் எல்லாரும் இதில வந்து இருங்கோ. இப்பவே அழுது முடியுங்கோ. அதுக்குப் பிறகுதான் கொளுக்கியைத் தொடுவன்."

அழச் சொன்னால் யாருக்கு அழுகை வரும்? வாங்கில் வரிசையாக இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த அமைதியில் கொளுக்கி வெளியே வந்துவிட்டது. இன்னொரு நாள் சைக்கிளில் இரண்டு ஆமிக்காரர் வந்து படலையில் நின்றார்கள். அந்த நாட்களில் நாலு பேர் கதிரை போட்டு இருந்தாலே என்ன கூட்டம் என்று கேட்பார்கள். அவர்கள் வாய் திறக்கமுன் மிஸ்ஸி எங்கள் நாலு பேரின் அடையாள அட்டைகளையும் வாங்கி மேசையில் பரப்பினார். பக்கத்தில் இரண்டு கதிரை இழுத்துப் போட்டு, சிங்களத்தில் "வாங்கோ, இருங்கோ" என்றார். கேட்க வந்ததெல்லாம் மேசையில் கிடக்க, அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்து மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்தவன் நான். அது என் பக்கம் திரும்பும் என்று நினைக்கவில்லை.

என் தங்கைக்குக் கொண்டச்சியில் ஒரு காணி. மச்சானுடைய தகப்பன், நானாவின் தகப்பனிடம் வாங்கியது. கையெழுத்துப் பேப்பர் ஒன்று இருந்தது. நாங்கள் வள்ளத்தில் இந்தியாவுக்கு ஓடிய அன்று அது கடல் தண்ணீரில் கூழாய்ப் போனது. மச்சான் முகாமிலேயே நோயில் போய்விட்டார். தங்கை இரண்டு பெண் பிள்ளைகளோடு திரும்பி வந்து அந்தக் காணியில் தறப்பாள் கொட்டில் போட்டாள். கொஞ்ச நாளில் நானாவின் குடும்பமும் புத்தளத்தில் இருந்து வந்து, காணி உறுதிப் பத்திரம் தங்கள் வாப்பாவின், தகப்பனின், பெயரில்தான் இருக்கிறது, விற்றதற்கு ஒரு எழுத்தும் இல்லை என்றது. காணிக்குப் பேப்பர் இல்லாவிட்டால் அரசாங்க வீட்டுத்திட்டத்தில் தங்கையின் பெயர் வராது. பட்டியல் மூட இன்னும் சில மாதம்தான் இருந்தது. மழை வந்தால் பிள்ளைகள் இரண்டும் புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

இதற்குள்ளும் நானும் நானாவும் கிழமையில் இரண்டு நாள் ஒரே மேசையில் இருந்தோம். காணி என்ற சொல்லை இருவரும் எடுப்பதில்லை. "மூண்டு ஆட்டின்," என்பார் நானா. "பாஸ்," என்பேன் நான். மாஸ்டர் வெற்றிலையை இன்னும் இறுக்கி அடக்கிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் மற்ற இருவரும் வரவில்லை. கச்சான் காற்று மணலை அள்ளி விறாந்தைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் ஆட்களுக்கு வாய் தானாகக் கழன்றுவிடும். தங்கைக்கும் சொல்லாத ஒன்றை நான் மிஸ்ஸிக்குச் சொன்னேன். சாகுமுன் மச்சான் என் கையைப் பிடித்துச் சொன்னது அது. வாங்கியது காணி முழுவதும் இல்லை, பாதிதான். கிணற்றடிப் பக்கம். மற்றப் பாதி பேச்சோடு நின்றது, அதற்குள் ஊரே எழும்பிப் போய்விட்டது.

"முழுசெண்டு கேட்டால்தான் மிஸ்ஸி பாதியெண்டாலும் கிடைக்கும். அதோட கொழும்பில ஒரு பெரிய இடத்தில இருந்து சிபாரிசுக் கடிதம் ஒண்டும் எடுத்து வைச்சிருக்கிறன். மத்தியஸ்த சபையில தோத்தாலும் காணிக் கந்தோர் அதிகாரிக்கு அதைக் காட்டுவன்."

நான் பெருமையாகத்தான் சொன்னேன். மிஸ்ஸி ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"பாதியெண்டு தங்கச்சிக்குத் தெரியுமோ?"

"இல்லை. அவள் முழுசெண்டுதான் நம்பியிருக்கிறாள்."

அவர் சீட்டுக்கட்டைக் கலைத்தார். திரும்பவும் கலைத்தார்.

காணிப் பிணக்கு மத்தியஸ்த சபைக்குப் போனது. ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் இருந்து இரண்டு பக்கமும் விசாரித்து இணக்கம் பார்ப்பார்கள். மிஸ்ஸியும் அந்தச் சபையில் ஒரு ஆள். எங்கள் விசாரணைக்கு அவர் இருக்கட்டும் என்று நான் கேட்டேன். என் ஜோடி, என் பக்கம்தானே என்ற நினைப்பு. பிறகு பார்த்தால் நானாவும் மிஸ்ஸியைத்தான் கேட்டிருந்தார். மிஸ்ஸி வேண்டாம் என்றார்.

"என்னை விடுங்கோ தம்பி. வேற ஆக்கள் இருக்கினம்."

"நீங்கள் இருந்தால்தான் எனக்குத் தெம்பு மிஸ்ஸி," என்று நான் கெஞ்சினேன். என் வாயை அப்போது யாராவது தைத்திருக்கலாம்.

சனிக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சுவரில் பிள்ளைகள் கீறிய மீன், தென்னை, சூரியன் படங்கள். காற்று அசையவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ்ஸி நடுவிலும் மற்ற இருவர் இரு பக்கமும். இந்தப் பக்கம் நானும் நானாவும். தங்கை பக்கவாட்டில் ஒரு வாங்கில், சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பின்னால் கொண்டச்சிச் சனம். எல்லாரும் மிஸ்ஸி ஆரம்பிக்கப் பார்த்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யன்னல் பக்கம் பார்த்தார். அங்கே கடல் இல்லை, ஒரு வேப்பமரம்தான் நின்றது. நானும் நானாவும் எங்களை அறியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் அந்த இருப்பு தெரியும்.

"தொடங்க முதல் ஒரு விசயம்," என்றார். "நான் இவை ரெண்டு பேரோடயும் கிழமையில ரெண்டு நாள் கடதாசி விளையாடுறனான். இந்தத் தம்பி என்ர ஜோடி. நான் இதில இருக்கிறது ஆருக்கும் சரியில்லை எண்டால் இப்பவே சொல்லுங்கோ, எழும்புறன்."

பின்னால் ஒரே குசுகுசுப்பு. மாதா கோயிலில் முன்வரிசையில் இருக்கும் மிஸ்ஸி ஆம்பிளைகளோடு சீட்டு விளையாடுகிறாரா என்று ஒரு மனிசி வாயில் கை வைத்தார். தன்னைப் பற்றிச் சொல்லக்கூடியதை அவரே முதலில் போட்டுவிட்டார். எழும்பச் சொல்ல ஒருவரும் இல்லை.

"அப்ப சரி. இப்ப நீங்கள் ரெண்டு பேரும் சட்டைப் பைக்குள்ள இருக்கிறதை மேசையில வையுங்கோ."

கடிதம் என் சட்டைப் பையில் நாலாக மடிபட்டு இருந்தது. நானா நெற்றியைத் துடைத்தார். பிறகு அவர் கை தன் பைக்குள் போனது. அவரிடமும் ஒன்று! வேறொரு பெரிய இடத்துக் கடிதம். எனக்கு அதுவரை தெரியாது. அவர் வைத்த பிறகு நான் எப்படி வைக்காமல் இருப்பது? நானும் வைத்தேன். மிஸ்ஸி இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் தண்ணீர்ப் போத்தலை வைத்தார்.

"இதுகளை எழுதினாக்கள் அந்தக் காணியைக் கண்ணால காணேல்ல. கண்ட நீங்கள் ரெண்டு பேரும் கதையுங்கோ. நானா, உங்கட வாப்பா இவையளின்ர ஆளுக்குக் காணி குடுத்தவரோ, இல்லையோ?"

நானா போத்தலுக்குக் கீழே இருந்த கடிதத்தைப் பார்த்தார். வெளியே ஒரு கழுதை கத்தி ஓய்ந்தது. அவருடைய மூத்த மகன் பின்னாலிருந்து "வாப்பா..." என்று இழுத்தான். அந்தக் கடிதம் அவர் பையிலேயே இருந்திருந்தால் அவர் தலையை நிமிர்த்தி இல்லை என்று சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். அவர் குனிந்தபடி இருந்தார்.

"குடுத்தவர்," என்றார். "எனக்கு அப்ப விவரம் தெரிஞ்ச வயசு. பாதி குடுத்தவர். கிணத்தடிப் பக்கம்."

வென்றுவிட்டோம் என்று தங்கையைத் திரும்பிப் பார்க்கப் போனேன். அதற்குள் மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள் முழுசெண்டு எழுதிக் குடுத்திருக்கிறியள். பாதியோ, முழுசோ?"

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நான் முழுசு என்று சொன்னாலும் அவர் வாய் திறக்கமாட்டார் என்பதும் தெரியும். நம்பிச் சொன்னதை வெளியே விடுகிற மனிசி அல்ல. அதுதான் கொடுமை. அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என் வாயாலேயே சொல்ல வைத்தார், அதுவும் என் தங்கை பார்த்துக்கொண்டிருக்க.

"பாதி," என்றேன்.

தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டினாள். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

அன்றே இணக்கம் எழுதினார்கள். கிணற்றடிப் பாதி தங்கைக்கு, மற்றது நானா வீட்டுக்கு, கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. நானா எழுத்துக் கொடுக்கச் சம்மதித்தார். கடிதங்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று மிஸ்ஸி சொன்னார். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

பின்னேரம் நான் நேரே மிஸ்ஸி வீட்டுக்குப் போனேன். இருக்கச் சொன்னார், இருக்கவில்லை.

"நீங்கள் என்ர ஜோடியோ, நானாவின்ர ஜோடியோ?"

"கடதாசியில உங்கட ஜோடி, தம்பி."

"என்ர தங்கச்சிக்கு முன்னால என்னைப் பொய்காரன் ஆக்கிப்போட்டியள்!"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓம்," என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உங்கள் நன்மைக்குத்தான் என்று ஏதாவது பூசி மெழுகியிருக்கலாம். ஓம் என்று சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வது? படலையை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். இந்த முறை செருப்பைக் கழற்றியிருக்கவில்லை, ஆகவே திரும்பிப் போக வேண்டியும் வரவில்லை.

அதோடு மேசை கலைந்தது. நானா வெட்கத்தில் வரவில்லை, நான் கோபத்தில் போகவில்லை. மாஸ்டர் மட்டும் கொஞ்ச நாள் போய் இருந்துவிட்டு வருவார் என்று கேள்வி. இரண்டு பேரை வைத்து என்னத்தை விளையாடுவது? கரைக்குப் போகும்போது அந்த விறாந்தையைக் கடந்துதான் போக வேண்டும். நாலு கதிரையும் போட்டபடி இருக்கும். அவர் ஒன்றில் இருந்து கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூட்டுவேன். அவர் என் பக்கம் கை உயர்த்தினாரா, இல்லை வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்தாரா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தங்கை ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டியல் மூடமுன் அவள் பெயர் ஏறியது. அத்திவாரம் வெட்டிய அன்று கயிறு பிடிக்க ஆள் போதாமல் நானாவின் மகன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து வந்து ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை நான் பிடித்தேன். பிறகு வீடு எழும்பியது, ஓடு போட்டது, பிள்ளைகள் நனையாமல் படித்தார்கள். காலையில் நானாவின் மனைவியும் தங்கையும் ஒரே கிணற்றடியில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். முழுக் காணியையும் கடிதத்தால் பறித்திருந்தால் அந்த மனிசி அங்கே வாளியோடு வந்திருக்குமா என்று எனக்குள் ஒரு கேள்வி எழும். அதை அமுக்கிவிடுவேன். கோபத்தை விட மனம் வரவில்லை. அது எனக்குப் பழகிப்போயிருந்தது.

மிஸ்ஸிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அடுத்த வருடம் தமையனின் மகள் வந்து கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஏற்றி விடக் கரைச் சனம் பாதி போனது. நான் அன்றைக்குப் பார்த்து ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தேன். அவசரமில்லாத எஞ்சின்.

பிறகு ஒரு நாள் காலையில் மாஸ்டர் கொட்டில் வாசலில் வந்து நின்றார். வாயில் வெற்றிலை இல்லை. "மிஸ்ஸி போயிட்டா. முந்தநாள் அடக்கமும் முடிஞ்சுதாம்," என்றார். நான் கையில் இருந்த, நட்டுக் கழற்றும் சாவியை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவில்லை. பாலம் தாண்டி, சிலாவத்துறை தாண்டி, கொண்டச்சியில் தங்கை வீட்டில் போய் நின்றேன்.

தங்கை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். ஈரக் கையாலேயே சிலுவை போட்டாள். தோய்த்த சட்டையைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

"அண்ணா, ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியளோ?"

"சொல்லு."

"அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில நீங்கள் எல்லாரும் மேசைக்கு நேர இருந்தனீங்கள். நான் பக்கத்தில வாங்கில. எனக்கு மேசைக்குக் கீழ தெரிஞ்சுது. பாதியோ முழுசோ எண்டு உங்களிட்டக் கேக்க முதல் மிஸ்ஸி ரெண்டு கையையும் கீழ கொண்டு போயிட்டா. நடுங்கிக்கொண்டு இருந்துது அண்ணா. ஒரு கையை மற்றக் கையால இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் உங்களைக் கேட்டவ."

"ஏனடி இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"எப்பிடிச் சொல்லுறது? அவவின்ர பேரை எடுத்தாலே எழும்பிப் போயிடுவியள்."

உண்மைதான். எழும்பிப் போகிறவன்தான் நான். இரண்டு வருடம் அவருக்கு நேரெதிரே இருந்து, குரலை வைத்தே கையில் இருப்பதைச் சொல்கிறவர் என்று அவரைப் புகழ்ந்து திரிந்தவன். அன்றைக்கு அவருடைய குரலை நான் கேட்கவே இல்லை. தங்கை அடுத்த சட்டையை எடுத்துச் சவர்க்காரம் போட்டாள். நான் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதேன். வேலிக்கு அந்தப் பக்கம் நானா வந்து நின்றார். அவருக்கும் செய்தி வந்திருந்தது. வேலியைக் கடந்து வந்து கட்டில் என் பக்கத்தில் இருந்தார். நான் எழும்பவில்லை.